கண் வைக்காத சிப்பாய்கள்

ஜனவரி 5, ஞாயிறு

வரிசைப்படுத்தாமல் எனக்கு எதுவும் எழுத வராது. கல்லூரியில் புவியியல் நடத்திய காலத்தில் கரும்பலகையில் முதலில் தலைப்புகளை எழுதிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். இந்த நோட்டில் வரப்போகிறவை:

1. நெடுங்கரைக் கோட்டை முற்றுகையின் போக்கு.
2. சேர்மக்கனி என்பவர் வந்தபின் எங்கள் மேசையில் ஏற்பட்ட கெடுதல்கள்.
3. டாக்டர் ஞானசிகாமணி வேண்டுமென்றே எனக்கு விட்டுக்கொடுத்து விளையாடுகிறார் என்பதும், இனி நான் அவருக்கு ஒரு பொருட்டான எதிரி இல்லை என்பதே அதற்குக் காரணம் என்பதும்.
4. ஆகவே நான் விலகிக்கொள்வதும், அதை அவரிடம் சொல்லும் விதமும்.

நான்காவதை எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன். பென்சிலில் எழுதியிருக்கலாம்.

விளையாட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் மலை, ஓடை, கோட்டை எல்லாம் செய்துவைத்து, கட்டைவிரல் உயர ஈய பொம்மைகளை அளவுநாடா பிடித்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. டாக்டர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடுகளுக்கு ஊசி போட்ட கொட்டகையில், ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசை கிடக்கிறது. அதன்மேல்தான் நெடுங்கரைப் பாளையம். அந்த ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது, நான் வரைந்தது. கிழக்கே கம்பெனி வரி வாங்கும் சமவெளி, மேற்கே மலை, நடுவில் யாருக்கும் முழுதாக அடங்காத எல்லை. டாக்டர் பாளையக்காரர். நான் கம்பெனி.

யாராவது ஒருவர் கம்பெனியாக இருக்கத்தானே வேண்டும். இந்த ஊரில் அதற்கு ஆள் அகப்படாது. சனிக்கிழமை நான் பையை எடுத்தால் உலகம்மாள் அடுக்களையிலிருந்தே கேட்பாள், "வெள்ளைக்காரனுக்கு ஊழியம் பாக்கக் கிளம்பியாச்சாக்கும்?" கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை வைத்துச் செய்த பரிகாசங்களில் இது ஒன்றுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

பாளையக்காரர் பொம்மைகள் எங்களுக்கு எங்கும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் டாக்டரின் மகள் ஆப்கன் எல்லைப் பொம்மைகளை அனுப்புவாள். டாக்டர் அவற்றின் அங்கியைச் சுரண்டி, குண்டூசியைத் தட்டி வேலாக்கிக் கையில் ஒட்டுவார். இரண்டு படைக்கும் வர்ணம் பூசுகிறவர் அவரே. ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கண் வைப்பார். "கண்ணு வைக்காதவனைப் படையில சேக்க முடியாதுவே. எங்க சுடுவான் அவன்?"

மேசையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஆளை மற்றவர் தொடக்கூடாது. அதற்கு ஒரே விலக்கு, ஆள் விழும்போது. வீழ்த்தியவர் அவனை எடுத்து, உரியவருடைய உள்ளங்கையில் வைக்கவேண்டும். மேசையோரம் சாய்த்து வைப்பதோ பெட்டியில் போடுவதோ மரியாதை இல்லை.

சேர்மக்கனி நவம்பரில் வந்தார். கோவில்பட்டி ஹாக்கிப் போட்டிகளுக்கு மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவராம். பருத்த உடம்பு, தொண்டை அதைவிடப் பெரியது. பாளையக்காரர் பக்கத்தில், டாக்டருக்கு இடதுகைப் புறம், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் உட்காரும்படி என்னை ஒருநாளும் டாக்டர் கேட்டதில்லை. என்னை அவர் இன்னும் "புரொபசர்" என்கிறார். அந்த மனிதரை வந்த மூன்றாவது வாரமே "கனி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 11, சனி

காலையில் மேல்நிலைத் தொட்டி கழுவ ஆள் வந்தான். அவன் போகும்வரை காத்திருந்ததில் அரைமணி தாமதம்.

என் படை ஓடையைத் தாண்டியது. தாண்டி முடியும்வரை விடாமல் அந்த மனிதர் பேசினார்.

"இதோ கம்பெனிப் பட்டாளம் ஓடைக்குள்ள இறங்குது. முன்னால சிவப்புச் சட்டை ஒரு வரிசை, பின்னால பீரங்கி, பீரங்கிக்கு வலப்பக்கம் ஒத்தைப் பனை. கர்னல் துரை குதிரையில நிக்காரு. துரைக்கும் நம்ம பதுங்குகுழிக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும், அண்ணாச்சி, ஒரே முழம்."

பனை அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும். தென்னந்துடைப்பத்தில் அதைச் செய்து நட்டவரே டாக்டர்தான். நான் மெதுவாகச் சொன்னேன், "எல்லாம் கண்ணுக்கு முன்னாலதானே இருக்கு. இவ்வளவு சொல்லணுமா?"

"சொல்லட்டும்வே" என்றார் டாக்டர். "ரேடியோவுல மேட்ச் கேட்ட மாதிரி இருக்கு."

பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. டாக்டர் தன் வேல்காரர்களில் நாலு பேரைப் பனைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். அந்த மனிதர் எழுந்து, தன் கையாலேயே அவர்களை எடுத்து வைத்தார். டாக்டரின் ஆட்களை. டாக்டர் தடுக்கவில்லை.  ஒருமுறை நான் தும்மியபோது என் முழங்கை பட்டு ஒரு குதிரை சரிந்தது. அதற்கே அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது தலைப்புக்கான குறிப்பு: டாக்டர் பகடையை உருட்டினார். விழுந்தது மூன்று. "ரெண்டு" என்றார். மூன்று என்றால் என் தாரை ஊதுகிறவன் விழுந்திருப்பான்.  தவறாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் தவறாகப் பார்க்கவில்லை.

ஜனவரி 15, புதன்

கரும்பு கடித்ததில் கடைவாய்ப் பல் ஆடுகிறது.

மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது முருகன்குறிச்சியில் டாக்டரைப் பார்த்தேன். அந்த மனிதருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாரையும் ஓட்டவிடாமல் தன் பியட் காரைத் தானே ஓட்டினவர். சிக்னலில் அவர்கள் நின்றபோது நான் எதிரே வந்து கையை உயர்த்தினேன். நேராக என்னைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உலகம்மாள், "பியட்ட மார்கழியிலயே வித்துட்டாராமே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது.

ஜனவரி 18, சனி

டாக்டர் எனக்குப் புதிய சிப்பாய்கள் பன்னிரண்டு பேர் தந்தார். போன வருடமே கேட்டு வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அவர்களுக்குக் கண் இல்லை.

சட்டையின் சிவப்பு கழுத்துக்கு ஏறியிருக்கிறது. ஒருவனுக்குக் குறுக்குப் பட்டையே இல்லை. முகம் வெறும் பழுப்பு உருண்டை. கோட்டைக்குள் இருக்கிற அவருடைய ஆட்கள் எல்லாம் பழையவர்கள். ஒவ்வொருவனும் கூர்ந்து என்னைப் பார்க்கிறான். எனக்கு வந்தவர்கள் மட்டும் இப்படி. கவனத்தையெல்லாம் வேறு எங்கோ செலவழித்துவிட்டு மிச்சத்தைக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்.

தேநீர் அவர் ஊற்றினார். ஊற்றும்போது அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் கோப்பையை விரலால் நகர்த்தி, கெட்டிலின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். புதுப் பெண்டாட்டிகூட இவ்வளவு உபசாரம் செய்யமாட்டாள். எனக்கு ஊற்றியது பாதி தட்டில் கிடந்தது.

பகடை: ஐந்து விழுந்ததை "நாலு" என்றார். இரண்டு தடவை. ஒருமுறை ஒன்று விழுந்தது; விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கோணலா விழுந்திருக்கு" என்று மறுபடி உருட்டினார். கோணலாக விழவில்லை.

கவனித்ததில் ஒன்று தெரிகிறது: எப்போதும் ஒன்றுதான் குறைக்கிறார். கஞ்சன் தர்மம் செய்வது மாதிரி.

சிப்பாய்களுக்கு மேலாளான என் நாயக் ஒருவன் விழுந்தான். நான் உள்ளங்கையை நீட்டினேன். அவர் அவனை என் மணிக்கட்டின்மேல் வைத்தார். பொம்மை உருண்டு தரையில் விழுந்து துப்பாக்கி முறிந்தது. "மன்னியும்வே" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

மிக்ஸி ரிப்பேர். நாயக்கின் துப்பாக்கியை ஒட்டினேன். கொஞ்சம் வளைந்து நிற்கிறது.

ஜனவரி 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் படை கோட்டையின் வெளிவாசலுக்கு வந்துவிட்டது. வாசலுக்கு மேலே டாக்டரின் பீரங்கி. பீரங்கி சுட்டு ஐந்து அல்லது ஆறு விழுந்தால் என் முன்வரிசை சிதறும், கர்னலும் போவான், முற்றுகையே முடிந்தது. நாலோ அதற்குக் கீழோ விழுந்தால் வாசல் எனக்கு.

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ ஆட்டோடு வந்து நின்றுகொண்டு கூப்பிட்டார்கள். டாக்டர் வைத்தியத்தை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன; ஆடுகளுக்குத் தெரியவில்லை. "கனி, யாருன்னு பாரு" என்றார். அந்த மனிதர் போனார். கொட்டகை சட்டென்று அமைதியாகிவிட்டது. பழைய சனிக்கிழமை மாதிரி, நானும் அவரும் மட்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

டாக்டர் உருட்டினார். ஐந்து.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நாலு" என்றார். "போச்சுவே. வாசல் உமக்கு."

நான் என் ஆட்களை வாசலுக்குள் நகர்த்தினேன். நாலைந்து பேரை நகர்த்திய பிறகு நிறுத்தினேன். பயத்தினால் அல்ல, கோபத்தினால் என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரிந்ததில்லை.

"டாக்டர், நீங்க எனக்கு விட்டுக்குடுக்கீங்க" என்றேன்.

"நானா? உமக்கா?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "எப்ப?"

"இப்பத்தான். விழுந்தது அஞ்சு. நீங்க நாலுன்னு சொன்னீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கையை மேசைமேல் ஊர விட்டு, பகடையைக் கண்டுபிடித்து, மேல்முகத்தை விரல்நுனியால் தடவினார். 

"அஞ்சுதான்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அஞ்சுன்னு தெரிஞ்சும் நீர் ஏன்வே ஆளுகளை உள்ள விட்டீரு?"

அதற்குள் சேர்மக்கனி திரும்பி வந்து, "ஆட்டுக்கு வயித்து உப்புசம் அண்ணாச்சி" என்றார். என் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.  

ஜனவரி 27, திங்கள்

விலகல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, முழங்கால் வலி காரணமாக" என்று தொடங்கி நிறுத்தினேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் நாங்கள் உட்கார்ந்துதான் விளையாடுகிறோம்.

உலகம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் மூட்டை கட்டுதானாக்கும்" என்றாள். சிரிப்பு வரவில்லை. அவளும் அதைக் கவனித்தாள். தோசைக்கு இரண்டாவது சட்னி வந்தது.

அவர் கேட்ட கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஏமாற்றியவர் அவர், கேள்வி எனக்கு. இது என்ன நியாயம்?

பிப்ரவரி 1, சனி

போகவில்லை. கூப்பிடவும் இல்லை. முருங்கைக் கிளைகளை வெட்டினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மத்தியானம் தூக்கம் வராமல், அந்தப் பன்னிரண்டு பேரையும் எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினேன். இனி விளையாடப் போவதில்லை என்றாலும், கண் இல்லாமல் ஒரு படையைப் பெட்டிக்குள் வைக்க மனம் வரவில்லை. நானே கண் வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வர்ணம் பூசியதே இல்லை. ஆகவே முதலில் பழக வேண்டும்.

பொம்மையின் கண் அளவுக்குப் புள்ளி வேறு எதில் இருக்கிறது என்று யோசித்தேன். பகடையில் இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக. ஓரம் சிதைந்த ஒரு பழைய பகடை என் பெட்டியில் கிடந்தது. புள்ளியை வெள்ளை வர்ணத்தால் மறைப்பது, காய்ந்ததும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்துப் பழகுவது. நல்ல முறை என்றே நினைத்தேன்.

ஐந்து இருந்த முகம் மேலே இருந்தது. பழகாத கை ஓரங்களில் பிசகும் என்று, நடுப்புள்ளியை முதலில் மறைத்தேன்.

நாலு.

தூரிகையைக் கீழே வைத்தேன். பகடையைத் திருப்பி மூன்றை எடுத்து, நடுப்புள்ளியை விரல்நுனியால் மூடினேன். இரண்டு. ஒன்றை எடுத்து மூடினேன். ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. இரண்டு, நாலு, ஆறு ஆகிய முகங்களுக்கு நடுப்புள்ளி கிடையாது.

அவர் ஆறை ஒருநாளும் ஐந்து என்றதில்லை. நாலை மூன்று என்றதில்லை. தர்மம் செய்கிறவருக்கு ஆறு கையில் இருக்கும்போது அதில் ஒன்றைக் குறைக்கவா மனம் வராது? முப்பது வருடம் வரைபடத்தைப் பார்த்துப் பாடம் சொன்னவனுக்கு இது தெரியவில்லை. நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். என் காதுக்குப் பின்னால் பார்த்தது. மணிக்கட்டின்மேல் வைத்தது. தட்டில் கிடந்த தேநீர். பியட்.

உலகம்மாள் வந்து, "என்ன, வர்ணத்த வேட்டியில எல்லாம் கொட்டிக்கிட்டு" என்றாள். அப்போதுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 5, புதன்

சேர்மக்கனியின் வீடு எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் மார்க்கெட் வாசல் டீக்கடையில் நிற்பார் என்று தெரியும். குரல் தெருமுனைக்கே கேட்கும். போனேன். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அது முடியும் என்பதே எனக்குப் புதிது.

"டாக்டருக்குக் கண்ணு..." என்றேன். 

"கண்டுபிடிச்சிட்டீங்களா" என்றார். இன்னொரு டீ சொன்னார். "நடுவுல இருக்கது தெரியாது அண்ணாச்சி. ஓரம் தெரியும். உங்கள நேராப் பாத்தா உங்களத் தவிர எல்லாம் தெரியும்னு சொல்லுவாரு. மதுரையில காட்டியாச்சு. போனது போனதுதானாம்."

"உங்களுக்கு எப்படி..."

"கோவில்பட்டி கிரவுண்டுக்கு அவர யாரோ கூட்டிட்டு வந்திருக்காங்க. மேட்ச் முடிஞ்சு நேரா மைக் கிட்ட வந்தாரு. 'நீ பேசினா பந்து எங்க இருக்குன்னு தெரியுதுய்யா'ன்னாரு. அதுக்கப்புறம்தான் இந்தப் பொம்மை வேலைக்கு வந்தேன். ஆட்டம் எனக்கு இன்னும் பாதி புரியல. பாக்கத சொல்லுதேன், அவ்வளவுதான். பகடைய மட்டும் நானே பாத்துக்கிடுதேன்னு பிடிவாதம். அதுல கைவைக்க விடமாட்டேங்காரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நீங்க விட்டுக்குடுத்துருவீங்களாம். அவரு வீட்டம்மா தவறின வருசம் மூணு ஆட்டம் தோத்துக்குடுத்தீங்களாமே. அவருக்குத் தெரியுமாம். 'புரொபசர் ரொம்ப நல்லவரு கனி, அவருக்குத் தெரிஞ்சா அன்னையோட சண்டை முடிஞ்சுது. கம்பெனிக்காரன் எனக்கு இரக்கப்பட ஆரம்பிச்சான்னா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்'னாரு."

அந்த மூன்றில் ஒன்றுதான் நான் விட்டுக்கொடுத்தது. மற்ற இரண்டும் நிஜமாகவே தோற்றவை. அதை இந்த மனிதரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

"போன சனிக்கிழமை நீங்க வரல. சாயங்காலம் வரைக்கும் மேசைகிட்டயே உக்காந்திருந்தாரு. நான் வேணா கம்பெனியா ஆடுதேன்னேன். 'போடா, நீ பாளையக்காரன்'னுட்டாரு."

நடந்தே வீடு வந்தேன். டாக்டருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு வந்தேன் என்று எழுத ஆசை. பாதி வழி வரைக்கும் நினைத்தது வேறு: அவருடைய கண் போனது நவம்பரிலேயே இவருக்குத் தெரியும். எனக்குப் பிப்ரவரி.

பிப்ரவரி 7, வெள்ளி

பன்னிரண்டு பேருக்கும் கண் வைத்து முடித்தேன். உலகம்மாள் கடைசி ஆளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இவன் பாளையக்காரன நோக்கிச் சுடுவானா, உங்கள நோக்கியா?" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

போனேன். வாசலில் தயங்கினேன். என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும்போல. உள்ளேயிருந்தே, "வாரும்வே புரொபசர். வாசல் உம்ம கையிலதான் இருக்கு, வந்து காப்பாத்தும்" என்றார்.

நான் வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு முந்தைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆட்களை விட்ட இடத்தில் நிறுத்தினேன். சேர்மக்கனி குனிந்து பார்த்தார்.

"கம்பெனிப் பட்டாளத்துக்குக் கண்ணு வந்திருக்கு அண்ணாச்சி."

டாக்டர் நிமிர்ந்தார். "யாரு வச்சா?"

"புரொபசர் சார்தான் இருக்கணும்."

"எப்படி இருக்கு?"

"ஒருத்தன் மாறுகண்ணு. ஒருத்தனுக்கு மூணு இருக்கு."

டாக்டர் சிரித்தார். சிரித்து முடித்து, என் காதுப் பக்கமாக வெகுநேரம் பார்த்தார். இப்போது எனக்குத் தெரியும், அப்படித்தான் என் முகம் அவருக்குத் தெரிகிறது. 

பிறகு நான் விளையாடினேன். எப்போதும் நான் தானியம், தண்ணீர், பின்வாங்கும் பாதை எல்லாம் பார்த்துத்தான் நகர்த்துவேன். டாக்டர் அதற்குக் "கணக்குப்பிள்ளை யுத்தம்" என்று பெயர் வைத்திருக்கிறார். இன்று பாதையைப் பார்க்கவில்லை. இருந்த ஆட்களையெல்லாம் உள்கோட்டைமேல் ஏற்றினேன். வேல்காரர்கள் வரிசையாக விழுந்தார்கள். ஒவ்வொருவனையும் எடுத்து, டாக்டரின் கை நீளுமுன் அவருடைய உள்ளங்கையைத் தேடி வைத்தேன். அவர் விரல்கள் மூடி, தலைப்பாகையையும் வேலையும் தடவி, ஆளை இன்னார் என்று தெரிந்துகொண்டு பெட்டியில் வைத்தன.

"என்னவே இன்னைக்குக் கொலைவெறி?" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

"கம்பெனி மேற்கு மதில் ஓரமா ஏறுது அண்ணாச்சி" என்றார் சேர்மக்கனி.

"வடமேற்கு" என்றேன். "மேற்கு இல்லை. மூலையிலிருந்து அரை அடி. மதில் அங்க இடிஞ்சிருக்கு. எட்டுப் பேர் ஏணியில, கர்னல் அவங்களுக்குப் பின்னால."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எட்டா?"

"எட்டு."

"கனி, கேட்டியா. இதுதான் வர்ணனை."

அற்பம்தான். ஆனால் அந்த நிமிடம் சேர்மக்கனியின் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்து எனக்கு இனித்தது.

உள்வாசலில் டாக்டரிடம் மீதியிருந்தது ஒரு பீரங்கி. ஒரே ஒரு முறை சுடலாம். ஐந்தோ ஆறோ விழாவிட்டால் நெடுங்கரை விழும். இந்தக் கோட்டையை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. டாக்டர் பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு உருட்டினார்.

பகடை ஏணியடியில் போய் நின்றது. சேர்மக்கனி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

டாக்டர் குனிந்தார். தலையைச் சாய்த்தார். "நாலு..." என்று இழுத்தார்.

"அஞ்சு, டாக்டர்" என்றேன்.

 வெளியே எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"சரியாப் பாத்தீரா?"

"பாத்தேன். நடுவுல ஒண்ணு இருக்கு."

"உம்ம கர்னல் சாவான்வே."

"சாகட்டும்."

அவர் மேசைமேல் கையை நீட்டி, ஏணிகளைத் தடவிக்கொண்டே போய், குதிரைமேல் இருந்த கர்னலைக் கண்டுபிடித்தார். யாரும் உதவவில்லை. அவனைத் தூக்கிப் பிடித்தபடி காற்றில் என் கையைத் தேடினார். நான் உள்ளங்கையை விரித்து, அவர் விரல் முட்டும்வரை ஆடாமல் வைத்திருந்தேன். கர்னலை அதில் நேராக நிறுத்தினார்.

"உம்மகிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டுக்குடுத்திருப்பேன்."

"இப்பவும் குடுப்பீரா?"

"மாட்டேன்."

"அடுத்த மழைக்காலத்துக்குள்ள ஓரமும் போயிரும்னு மதுரை டாக்டர் சொல்லியிருக்கான். அதுக்குள்ள ஒரு தடவையாவது இந்தக் கோட்டையப் பிடிச்சுப் பாரும். பிடிச்ச அன்னைக்கு நான் அதப் பாக்கணும்." பிறகு, எல்லாம் பேசி முடிந்ததுபோல, "கனி, டீ போடு. புரொபசர் ஊத்தட்டும்" என்றார்.

ஊற்றினேன். என்னுடையதும் பாதி தட்டில்தான் விழுந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அடுத்த முற்றுகைக்கு வடக்கு மதிலிலிருந்து வரலாம் என்று தோன்றுகிறது. ஓடையின் வளைவில் பீரங்கியை மறைக்க இடம் இருக்கிறது. வரைபடம் போட ஆரம்பித்திருக்கிறேன். கோடுகளைப் பசை வைத்து மேடாக்கினால் விரலுக்குத் தெரியும். உலகம்மாள் மைதா காய்ச்சித் தருகிறேன் என்கிறாள். ஊழியத்துக்குச் சம்பளம் உண்டா என்றும் கேட்கிறாள்.

முதல் பக்கத்துத் தலைப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். முதலாவது, கோட்டை நிற்கிறது. நான்காவதற்குத் தேவை வரவில்லை. பாதிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதில் எதையும் மாற்றிக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்த மனிதர் நேற்றும் வடமேற்கை மேற்கு என்றார், இன்னும் டாக்டருக்கு இடதுகைப் புறம்தான் உட்கார்ந்திருக்கிறார். என் இடம் எதிர்ப்புறம். அங்கே வேறு யாரையும் டாக்டர் உட்காரவிடவில்லை.

மூன்றாவது, அவர் எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றது, தவறு.